சுரண்டிய நெஞ்சு

"இன்னும் அழுத்து," என்றான் வாஸ்ரோ. "கோழி கெளர்ற மாதிரி கெளறாத."

தஸ்ரியா அழுத்தினாள். கையில் டச்சுக்காரன் காலத்துத் தடித்த செப்புக் காசு. பக்கத்தில் தைலக் குப்பி. முதுகை முடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. விலா எலும்பு ஒவ்வொன்றின் மேலும் சாய்வாக ஒரு சிவந்த கோடு, மீன் முள்ளை விரித்து வைத்தது போல. இப்போது நெஞ்சு. தைலத்தைத் தேய்த்து, காசின் விளிம்பை வைத்து, நடுவிலிருந்து இடப்பக்கமாக இழுத்தாள். முதல் இழுப்பில் தோல் இளஞ்சிவப்பானது. நான்காவதில் நாவல் பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

"பாத்தியா, எப்படிக் கறுக்குது? எவ்வளவு காத்து இருந்தா இப்படிக் கறுக்கும்!" என்றாள்.

"நான்தான் ரெண்டு மாசமாச் சொல்றேனே. அந்த டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்."

ஜாவாத் தீவின் அந்த ஊர்களில் காய்ச்சலுக்கும் சுரண்டுவார்கள், களைப்புக்கும் சுரண்டுவார்கள். உடம்புக்குள் புகுந்த காற்று கோட்டுக்குக் கோடு வெளியேறும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று போனதாக அர்த்தம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் திடீரென்று செத்தால், காற்று உள்ளே உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் புதைக்கப் போவார்கள்.

வாஸ்ரோவுக்கு ஐம்பத்தாறு வயது. ப்ரெபெஸ் பக்கத்துச் சின்ன வெங்காய வயல்களில் முப்பத்தைந்து வருஷமாகத் தண்ணீர் இறைக்கிறவன். உயரமான பாத்திகள், நடுவில் தொடை ஆழத்துக்கு வாய்க்கால். அந்த வாய்க்காலுக்குள் நடந்துகொண்டே, நீளக் காம்பு வைத்த தகர வாளியால் தண்ணீரை மொண்டு இரண்டு பக்கமும் வீச வேண்டும். தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து விழ வேண்டும். கட்டியாக விழுந்தால் தாள் முறிந்துவிடும். விடிந்ததும் பனியைக் கழுவ ஒரு தடவை, வெயில் இறங்கியதும் மறுபடி ஒரு தடவை. போன அறுவடைக்கு முன்பே அவனுக்கு மூன்றாவது பாத்தியில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வாளிக் காம்பில் சாய்ந்து நிற்பான். யாராவது பார்த்தால் வரப்பு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது போல் குனிவான்.

தஸ்ரியாதான் அவனைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தாள். நெஞ்சில் ஏதோ ஊதல் சத்தம் கேட்கிறது, மாவட்ட ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ எடுக்க வேண்டும் என்று கடிதம் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த முடிவு தெரியற வரைக்கும் வாளியத் தொடக் கூடாது."

அதுதான் சிக்கல். அடுக்களைக் கூரையில் விதை வெங்காயம் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் பச்சை மூக்கு வெளியே நீட்டிவிட்டது. பத்து நாளுக்குள் மண்ணுக்குப் போகாவிட்டால் அது குழம்பு வெங்காயம்தான். குத்தகை நிலத்தில் முப்பது பாத்தி கொத்தித் தயாராகக் கிடந்தது. நட்ட அன்றே தண்ணீர் விழ வேண்டும். நடவு வாரத்தில் இறைக்கக் கூலிக்கு ஆள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே மகள் ஜகார்த்தாவில் தையல் ஆலையில் இருந்தாள். ஆக, நாளைக்கு எடுக்கிற படம் நன்றாக வந்தால் நடவு உண்டு. இல்லாவிட்டால் இந்தப் பருவம் இல்லை.

"காத்த இன்னிக்கே எறக்கிட்டா நாளைக்குப் படத்துல ஒண்ணும் தெரியாது," என்பது வாஸ்ரோவின் திட்டம். அதற்குத்தான் இந்தச் சுரண்டல்.

வாசலில் டக்லான் வந்து நின்றான். வெங்காயம் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன், பக்கத்து வீடு. தெரியாத விஷயம் என்று ஒன்று அவனிடம் கிடையாது.

"நாளைக்கா? அப்ப இப்பவே வாயக் கட்டு. மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் சோறு கூடாது, தண்ணி கூடாது."

"யார் சொன்னா?" என்றாள் தஸ்ரியா.

"எனக்குச் சக்கரை பாத்தாங்கள்ல? வெறும் வயிறு. ஆஸ்பத்திரின்னாலே வெறும் வயிறுதான்."

"மாத்திரை?"

"மாத்திரையும்தான். மாத்திரை போட்டா மெஷின் ஏமாந்துடும்."

வாஸ்ரோ அன்றிரவு சாப்பிடவில்லை. தஸ்ரியாவும் சாப்பிடவில்லை. அவன் முன்னால் உட்கார்ந்து தின்ன மனம் வரவில்லை.

காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். வாஸ்ரோ கழுத்து இறுகிய பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி முதுகுப் பக்கம் ஜிப் போட்டிருந்தான். வண்டியில் போகும்போது நெஞ்சில் காற்று அடிக்கக் கூடாது. ஜிப்பை தஸ்ரியாதான் போட்டுவிட்டாள். அவள் மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். சோறு, பொரித்த தெம்பே என்ற சோயாக் கட்டி, மிளகாய்ச் சட்னி, உப்பில் ஊறிய இரண்டு வாத்து முட்டை. எல்லாம் முடிந்த பிறகு தின்பதற்கு. அந்த வாசனையோடு இருபது கிலோமீட்டர் போவது பெரிய தண்டனை. இரண்டு பக்கமும் வயல்களில் நடவு ஆரம்பித்துவிட்டது. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஆட்கள் இறைத்துக்கொண்டு போனார்கள். வாஸ்ரோ ஒவ்வொருவனையும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு, காங்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை காங் என்றுதான் கூப்பிடுகிறாள். சண்டையிலும் அதுதான்.

"அவன் வீசற தண்ணியப் பாரு. எருமை மூத்திரம் பேஞ்ச மாதிரி."

ஆஸ்பத்திரியில் எக்கோ அறைக்கு வெளியே நீள பெஞ்சு. முன்மேசையில் இருந்த நர்ஸ் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"நூத்தி எழுபத்தெட்டு. காலைல மாத்திரை போட்டீங்களா, பாக்?" ஆண்களை அங்கே பாக் என்றும் பெண்களை இபு என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"இல்ல சிஸ்டர். வெறும் வயிறு."

"எதுக்கு வெறும் வயிறு?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து பச்சத் தண்ணி படல," என்றான் வாஸ்ரோ, ஏதோ பரிசு கிடைக்கும் என்பது போல.

"யாரு இருக்கச் சொன்னா?"

"டக்லான்."

"அது எந்த டாக்டர்?"

"வெங்காய வண்டி ஓட்டறான்."

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத் திட்டினாள். "தொண்டை வழியா குழாய் விட்டு எடுக்கற எக்கோ ஒண்ணு இருக்கு. வயித்தக் காயப் போடறது அதுக்குத்தான். உங்களுக்கு நெஞ்சு மேல வெச்சுப் பாக்கறது. நல்லாச் சாப்ட்டுட்டு வரலாம். தெனம் போடற மாத்திரையப் போட்டுட்டு வரணும், நாங்க நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்தணும். கடுதாசிலயே கீழ எழுதியிருக்கே."

"படிக்கலையே," என்றாள் தஸ்ரியா. உண்மையில் படித்தாள். டக்லான் சொன்னதை நம்பிவிட்டாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இன்னும் நாலு பேர் இருக்காங்க. போய்ச் சாப்ட்டுட்டு மாத்திரை போட்டுட்டு வாங்க."

வராந்தா மூலையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். வாஸ்ரோ உப்பு முட்டையை ஓட்டோடு இரண்டாக வெட்டி, மஞ்சளில் எண்ணெய் வழிவதைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டான். தஸ்ரியா தன் முட்டையில் பாதியை அவனுக்குத் தள்ளினாள். அவன் தெம்பேயை அவளுக்குத் தள்ளினான். சாப்பிட்டு முடித்ததும் பாதிக் கவலை போய்விட்டது. அது பசிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

எக்கோ எடுக்கிற பெண்ணின் பெயர் ரெஸ்தி. முப்பது வயது இருக்கும். அறை குளிராகவும் அரை இருட்டாகவும் இருந்தது, திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. தஸ்ரியா கூட இருக்கலாம் என்று சொல்லி ஒரு ஸ்டூலைத் தள்ளினாள்.

"மேல் சட்டையக் கழட்டிடுங்க, பாக்."

ஜாக்கெட், சட்டை, பனியன் என்று ஒவ்வொன்றாக வந்தது. பனியன் கழுத்தில் சிக்கிக்கொண்டது. தஸ்ரியா இழுத்து விடுவித்தாள்.

"அடுத்த தடவ முன்னாடி பட்டன் வெச்ச சட்டை ஒண்ணு மட்டும் போட்டுட்டு வந்தாப் போதும்..." என்று சொல்லிக்கொண்டே திரும்பிய ரெஸ்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"யார் அடிச்சா?"

"சுரண்டினது," என்றாள் தஸ்ரியா.

ரெஸ்தி விளக்கைப் போட்டாள். நெஞ்சின் இடப்பக்கம் முழுவதும் கருஞ்சிவப்பு. முலைக்காம்புக்குக் கீழே ஓர் இடத்தில் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. தைலம் பளபளத்தது.

"இபு, நான் கருவிய வெச்சு அழுத்த வேண்டிய எடம் இதுதான். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல. சரியா இதே எடம். அளந்து வெச்சுச் சுரண்டின மாதிரி இருக்கு."

"படம் வராதா?"

"படத்துக்கு ஒண்ணுமில்ல. வலிக்கும். சாதாரணமா இதுல வலியே கிடையாது, கொஞ்சம் அழுத்தறது தெரியும், அவ்வளவுதான். ஊசி இல்ல, எக்ஸ்ரே மாதிரி கதிரும் இல்ல. ஆனா இந்த நெஞ்சுல..." அவள் ஒரு ஒட்டுப் பட்டையை எடுத்துத் தோளுக்குக் கீழே ஒட்டினாள். அது வழுக்கிக்கொண்டு வயிற்றில் விழுந்தது. "இதுவும் ஒட்டாது. இதய ஓட்டத்தப் பதிவு பண்ணணும். எண்ணெய், தைலம், பவுடர், எதுவும் இருக்கக் கூடாது."

"அப்ப?"

"தோல் ஆறட்டும். மூணு வாரம் கழிச்சு ஒரு தேதி தரேன்."

தஸ்ரியா நாளை எண்ணிப் பார்த்தாள். மூன்று வாரம். கூரையில் தொங்குவது எல்லாம் அதற்குள் பச்சைத் தாளாக வளர்ந்து வாடிவிடும். அவன் சும்மா இருக்கவும் மாட்டான். நாலாம் நாள் அவளுக்குத் தெரியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போவான். மூன்றாவது பாத்தியில் காம்பில் சாய்வான். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

"இன்னிக்கே எடுங்க சிஸ்டர். நான் பண்ணின கூத்து. இவரு தாங்குவாரு."

"தாங்கறவர் அவரு. அவர் சொல்லட்டும்."

"அழுத்துங்க," என்றான் வாஸ்ரோ. "இவ காசால அழுத்தினதுக்கு மேலயா அழுத்தப் போறீங்க?"

"வீரம் வேணாம், பாக். பல்லக் கடிச்சுட்டு ஒடம்ப முறுக்கினா படம் கெட்டுடும். வலிச்சாச் சொல்லணும், நான் எடுத்துடுவேன், கொஞ்சம் விட்டு மறுபடி வெப்பேன். சம்மதமா? மொதல்ல போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. தேய்க்காதீங்க."

கழிப்பறைத் தொட்டியில் தஸ்ரியா அவன் நெஞ்சைக் கழுவிவிட்டாள். சோப்பு பட்டதும் அவன் "ஸ்ஸ்" என்றான். "கத்தாத," என்றாள். ஆனால் கை பூப்போல நகர்ந்தது. தைல வாசனை மட்டும் போகவில்லை.

இந்தத் தடவை பட்டைகள் ஒட்டிக்கொண்டன. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள் ரெஸ்தி. இடக் கை தலைக்கு அடியில். அப்படிப் படுத்தால்தான் இதயம் விலாவுக்குப் பக்கத்தில் வரும் என்றாள். கருவியின் முனையில் ஜெல்லைப் பிதுக்கினாள்.

"சில்லுனு இருக்கும்."

"நல்லாருக்கு," என்றான் வாஸ்ரோ. எரிந்துகொண்டிருந்த தோலுக்கு அது சுகமாகத்தான் இருந்திருக்கும். பிறகு அழுத்தினாள். அவன் கால் கட்டைவிரல் மடங்கியது.

"வலிக்குதா?"

"இல்ல."

"கால் விரல் வேற சொல்லுது."

"கொஞ்சம்."

எடுத்தாள். பத்து எண்ணும் நேரம் பொறுத்து மறுபடி வைத்தாள். இப்படியே போனது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ மூடித் திறந்தது. மழையில் நனைந்த ஓலைத் தட்டி காற்றில் அடித்துக்கொள்வது போல ஒன்று உள்ளே படபடத்தது. தஸ்ரியா முப்பது வருஷமாக அந்த நெஞ்சின் மேல் கையைப் போட்டுத் தூங்குகிறாள். உள்ளே இவ்வளவு வேலை நடக்கிறது என்று நினைத்ததே இல்லை.

திடீரென்று சத்தம் வந்தது. சளக், சளக் என்று சேற்றில் யாரோ அவசரமாக நடப்பது போல. வாஸ்ரோ எழப் பார்த்தான்.

"என்ன அது? ஓட்டை விழுந்துடுச்சா?"

"படுங்க, படுங்க. ரத்தம் ஓடற சத்தம். மெஷின் அதச் சத்தமாக் காட்டுது. எனக்கு வெச்சாலும் இப்படித்தான் வரும். மூச்ச வெளிய விடுங்க... இன்னும்... அப்படியே நிறுத்துங்க. ம், இப்ப விடுங்க."

"எதுக்கு மூச்ச நிறுத்தச் சொல்றீங்க?" என்று தஸ்ரியா கேட்டாள். பயத்தில் ஏதாவது கேட்க வேண்டும் போல் இருந்தது.

"நுரையீரல்ல காத்து நெறஞ்சா இதயத்த மறைச்சுடும். இந்தக் கருவிக்குக் காத்துக்குள்ள பார்வை கெடையாது. காத்து குறுக்க வந்தா எல்லாம் மூடிக்கும்."

தஸ்ரியா திரையைப் பார்த்தாள். சுவர்கள், கதவுகள், ஓடுகிற ரத்தம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"அப்ப இதயத்துக்குள்ள காத்து எதுவும் உக்காந்திருக்கலியா?"

"உக்காந்திருந்தா நமக்கு இது எதுவுமே தெரியாது, இபு."

இரண்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை சுரண்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் நன்றாக இருக்கிறது என்றான், தூங்கினான். அந்த இரண்டு மாதமும் உள்ளே அந்தத் தட்டி படபடத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ரெஸ்தி ஒரே இடத்தை மறுபடி மறுபடி அளந்தாள். புள்ளி வைத்தாள், கோடு இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். சிவப்பும் நீலமும் கலந்து ஒரு நிறம் பின்பக்கமாகப் பீய்ச்சியது. தஸ்ரியா திரையை விட்டுவிட்டு ரெஸ்தியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"என் மூஞ்சியப் பாத்து ஜோசியம் பாக்காதீங்க. ஒரே எடத்தப் பத்துத் தடவ அளக்கறதுதான் எங்க வேலை. நல்ல நெஞ்சுக்கும் அப்படித்தான்."

"ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்," என்றான் வாஸ்ரோ படுத்தபடியே. "வாளி தூக்கலாமா கூடாதா? விதை மொளச்சுடுச்சு."

"படம் எடுக்கறது நானு. படிக்கறது டாக்டரு. நான் அரைகுறையா ஒண்ணு சொல்லி, நீங்க அத வெச்சுட்டு வயலுக்குப் போயிடுவீங்க."

"நாலு கட்டு வெங்காயம் கொண்டாந்து தரேன்."

"லஞ்சம் வாங்கற மூஞ்சியா எனக்கு? மல்லாந்து படுங்க, கடைசி ரெண்டு படம்."

முக்கால் மணி நேரம் ஆனது. ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தாள். "இன்னிக்கு அந்த எடம் வலிக்கும், அது எக்கோவால இல்ல," என்றாள். தஸ்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் மத்தியானம் கூப்பிட்டார். நரைத்த ஆள், அவசரக்காரர், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை. மூடும்போது கொஞ்சம் ரத்தம் பின்னால் கசிகிறது. பல வருஷம் ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதில் தசை தடித்துவிட்டது. அறுவைச் சிகிச்சை இப்போது தேவையில்லை. இரண்டு மாத்திரை, உப்பு குறைவு, கிராம்பு சிகரெட்டுக்கு முழுக்கு. ஆறு மாதம் கழித்து மறுபடி எக்கோ.

"வாளி?" என்றான் வாஸ்ரோ.

"மூணு மாசத்துக்குக் கிடையாது. அப்புறம் பாக்கலாம்."

"காலைல மட்டும்?"

"கிடையாது."

"பத்துப் பாத்தி மட்டும்?"

"பாக், நான் வெங்காயம் விக்க உக்காரல, பேரம் பேசாதீங்க. நடங்க, குனிஞ்சு நிமிர்ற சின்ன வேலை செய்யுங்க. மூச்சு வாங்கினா நிறுத்துங்க. தண்ணி இறைக்கிறது கூடாது." பிறகு தஸ்ரியாவிடம் திரும்பினார். "முதுகச் சுரண்டினா தூக்கம் வருதுன்னா மெதுவாச் சுரண்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னா காச எடுக்கக் கூடாது, வண்டிய எடுக்கணும். நேரா இங்க."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். வழியில் மண்கூஜாத் தேநீர்க் கடையில் நிறுத்தினாள். கோப்பையில் கல்கண்டு உடைகிற சத்தத்தைக் கேட்டபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாகப் போறதில்ல," என்றாள் தஸ்ரியா.

"நடவு போச்சே."

"நடவு பொம்பளைங்க வேலை. அது எங்க போகும்? கார்னிகிட்ட ஆள் சொல்லி வெச்சாச்சு."

"தண்ணிய யாரு, உங்கப்பனா எறைப்பான்?"

"நான்."

அவன் தேநீரை வைத்தான். வாளி ஆண்களுடையது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அந்தப் பக்கத்து வாய்க்காலில் வாளியோடு இறங்கிய பெண்ணை அவன் பார்த்ததில்லை. "ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கறவன் வந்து எறைக்கட்டும்."

"கட்டிகட்டியா வீசி வெதையப் பேத்துடுவ."

"அப்ப சொல்லிக் குடு."

மூன்றாம் நாள் நடவு. வானம் மூட்டமாக, காற்றில்லாமல் இருந்தது. நடவுக்கு நல்ல நாள். கார்னியின் பெண்கள் ஆறு பேர் பாத்தி மேல் குந்தியபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து வெங்காயத்தை அழுத்திக்கொண்டு போனார்கள். ஏழாவதாக வாஸ்ரோ, தலையில் பெரிய மூங்கில் தொப்பியோடு. சும்மா வரப்பில் உட்கார்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. கார்னி நடவு ஆட்களை இருபது வருஷமாக நடத்துகிறவள், வாய் பெரிது.

"மாப்ள, வெங்காயத்த நடறீங்களா, பொணத்தப் பொதைக்கிறீங்களா? மூக்கு வெளிய தெரியணும்!"

"தெரியுதே."

"எனக்குத் தெரியல. நீங்க எக்கோ எடுத்துத்தான் பாக்கணும் போலிருக்கு."

பெண்கள் பாத்தி அதிரச் சிரித்தார்கள். அவன் நட்ட வரிசை முழுவதையும் கார்னி பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் திட்டிக்கொண்டே மறுபடி வைத்தான்.

வாய்க்காலில் தஸ்ரியா. பாவாடையைத் தொடைக்கு மேல் வரிந்து கட்டி, கீழே மகளின் பழைய கால்சட்டை. முதல் பத்து வீச்சும் கட்டியாக விழுந்தன. ஒன்று கார்னியின் முதுகில் விழுந்தது. "மணிக்கட்ட விடு! தோளால வீசாத, இடுப்பத் திருப்பு!" என்று பாத்தியிலிருந்து வாஸ்ரோ கத்தினான். ரோட்டில் டக்லான் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தஸ்ரியா வாளியை அவன் பக்கம் திருப்பினாள். மூடிக்கொண்டு போனான்.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் விரிய ஆரம்பித்தது. எல்லா வீச்சும் இல்லை. மூன்றில் ஒன்று. தோள் இரண்டும் கழன்று விழுவது போல் இருந்தது. நான்காவது பாத்தி முனையில் வாளிக் காம்பில் சாய்ந்து நின்றாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

வாஸ்ரோ நடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். சேறு அப்பிய கையை மடியில் துடைத்தான்.

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது."

"ஏறி வா. குடு, ஒரு பாத்தி நான்..."

"ஒக்காரு காங்." அவள் வாளியை மறுபடி தண்ணீருக்குள் விட்டாள். "எனக்கு வாங்கலாம். நீ மூக்கு தெரியற மாதிரி வை."

இருட்டுவதற்குள் பதினொரு பாத்தி முடிந்தது. அதில் ஒன்றரைப் பாத்தி வாஸ்ரோ நட்டது. கோணல்தான். கார்னி அதைப் பிடுங்கவில்லை.